கிரீன் டீ மாத்திரையால் அப்பச்சிக்குக் கால் எரிச்சல் குறைந்திருக்கிறதே, ஊசியை நிறுத்தலாமா?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. வாசகி பள்ளி ஆசிரியை. அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வயது 66. முதுகுவலி என்று ஆரம்பித்து, ரத்தம் குறைந்து, பல பரிசோதனைகளுக்குப் பிறகு மல்டிபிள் மைலோமா என்று தெரிந்திருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் அது. செவ்வாய்க்கிழமைதோறும் மதுரைக்குக் கூட்டிப்போய் போர்டிசோமிப் ஊசி போட்டு வருகிறார்கள். கூடவே லெனலிடோமைடு, டெக்ஸாமெத்தசோன் மாத்திரைகள். இப்போது மூன்றாவது சுற்று நடக்கிறது. இரண்டாவது சுற்றிலிருந்தே பாதத்தில் எரிச்சல், விரல் நுனி மரத்துப்போவது.

பினாங்கில் இருக்கும் அண்ணன், கிரீன் டீ சாற்றை அடைத்த மாத்திரைகளும் மாட்சா பொடியும் அனுப்பியிருக்கிறார். ஐந்து வாரமாக மாத்திரை காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று அவரிடம் சொல்லவில்லை. கடிதத்தில் இப்படி வருகிறது: “மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரத்துலேயே அப்பச்சிக்குக் கால் எரிச்சல் பாதிக்குமேல குறைஞ்சிருச்சு டாக்டர். ஊசிதான் காலைக் கெடுக்குது, டீதான் சரி பண்ணுது, பேசாம ஊசியை நிறுத்திட்டு இதையே கூட்டிக் கொடுத்தா என்னன்னு அண்ணன் கேக்குறாங்க. அப்பச்சியும் பெரியவன் சொல்றதுதான் சரின்னு சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

இன்னும் சில கேள்விகளும் உண்டு. அப்பச்சி கடை நடத்திய காலம் முழுக்க நாளைக்கு ஆறேழு டீ குடித்தவர், நோய் அதனால் வந்ததா? ஆத்தா அடுப்பிலிருந்து இறக்கியதும் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறார், அது ஆகுமா? தனக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வராமல் இருக்க எல்லோரும் கிரீன் டீக்கு மாறிவிடலாமா? கடைசியாக, அப்பச்சி மாலையில் முகப்பில் உட்கார்ந்து குடிக்கும் பால் டீயையும் நிறுத்த வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கமெல்லாம் பிறகு. இன்று இரவிலிருந்தே அந்த மாத்திரையையும் மாட்சா பொடியையும் நிறுத்திவிடுங்கள். இதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் ஊசியையோ, லெனலிடோமைடையோ, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையோ ஒரு வேளைகூட நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் பயம் நியாயமான பயம். அதை எழுதி அனுப்பியது நல்ல காரியம்.

கால் எரிச்சல் ஏன் குறைந்திருக்கலாம்

கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கும் இந்த விஷயம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

செல்லுக்குள் பழைய, கெட்டுப்போன புரதங்களை உடைத்து அப்புறப்படுத்த புரோட்டியாசோம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. மைலோமா செல்கள் ஓயாமல் புரதம் தயாரிப்பவை. அவற்றில் கழிவும் அதிகம். போர்டிசோமிப் அந்தப் புரோட்டியாசோமை அடைத்துவிடுகிறது. கழிவு தேங்கி, புற்றுசெல் செத்துப்போகிறது. மருந்தின் மூலக்கூறில் உள்ள போரான் அணுதான் புரோட்டியாசோமைப் பற்றிக்கொள்ளும் பகுதி. கிரீன் டீயில் அதிகமாக இருக்கும் ஈஜிசிஜி என்ற பொருளுக்கும் இந்தப் போரானோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. மருந்து புற்றுசெல்லைப் போய்ப் பிடிப்பதற்கு முன்பே ஈஜிசிஜி மருந்தைப் பிடித்துக்கொண்டால், ஊசி போட்டும் பலன் இருக்காது.

இது யாரோ ஊகமாகச் சொன்னது அல்ல. 2009ல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ‘பிளட்’ என்ற மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்கள். கிரீன் டீ சேர்த்தால் போர்டிசோமிப் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்ற எதிர்பார்ப்பில்தான் அவர்கள் அந்த ஆய்வைத் தொடங்கினார்கள். சோதனைக்கூடத்திலும் எலிகளிலும் நேர்மாறாக நடந்தது. ஈஜிசிஜி இருந்த இடத்தில் மருந்தால் புற்றுசெல்களைக் கொல்ல முடியவில்லை. அப்போதே அவர்கள் இன்னொன்றையும் சொல்லி எச்சரித்தார்கள். கிரீன் டீ சாற்றைச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் நோயாளிக்குப் பக்கவிளைவு குறைந்து உடம்பு தேறுவதுபோலத் தெரியலாம், ஆனால் மருந்து வேலை செய்யாததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

அப்பச்சிக்கு நடந்தது அதுதான் என்று இங்கிருந்தபடி நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நரம்பு எரிச்சல் தானாகவும் ஏறி இறங்கும். மருத்துவர் ஊசியின் அளவைக் குறைத்திருந்தாலும் குறையும். மனிதர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வும் இல்லை. மருந்தைக் கெடுக்கலாம் என்று தெரிந்த ஒன்றை நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்க யாருக்கும் மனசாட்சி இடம் தராது. டீ குடிப்பவர், மாத்திரை எடுப்பவர் ஆகியோரின் ரத்தத்தில் சேரக்கூடிய அளவில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை என்று சொன்ன எலி ஆய்வும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஆய்வுகள் இப்படி முரண்படும்போது, நாளைக்கு நான்கு மாத்திரை என்று அப்பச்சியிடம் சோதித்துப் பார்க்க முடியாது. எரிச்சல் குறைந்ததை வைத்து ஊசியை நிறுத்துவது, பலன் தர வேண்டிய மருந்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அதைத் தடுக்கக்கூடிய பொருளைக் கையில் வைத்துக்கொள்வதில்போய் முடியலாம்.

“ஊசி போடும் நாளில் மட்டும் மாத்திரையை விட்டுவிட்டால் போதாதா?” என்று அண்ணன் கேட்கக்கூடும். போதாது. போர்டிசோமிப் உடம்பிலிருந்து முழுதாக வெளியேறப் பல நாள் ஆகும். அதற்குள் அடுத்த செவ்வாய் வந்துவிடும். இந்த ஊசி தொடரும்வரை கிரீன் டீ சாறு எந்த வடிவத்திலும் வேண்டாம். மாட்சா என்பது இலையை முழுசாக அரைத்த பொடி. இலையையே விழுங்குவதால் ஊறவைத்து வடித்த டீயைவிட அதில் சத்து அதிகம் இறங்கும். அதுவும் வேண்டாம். அதோடு, அதிக அளவு வைட்டமின் சி மாத்திரையும் இந்த ஊசியின் வேலையைக் குறைக்கலாம் என்று ஆய்வுகள் சொல்வதால், சளிக்கு என்று யாராவது வாங்கி வந்திருந்தால் அதையும் எடுத்து வைத்துவிடுங்கள். சாப்பாட்டில் வரும் எலுமிச்சையும் நெல்லிக்காயும் வேறு, மாத்திரை வேறு.

அண்ணன் படித்தது முழுப் பொய் அல்ல

“அமெரிக்காவில் பெரிய மருத்துவமனையிலேயே ரத்தப் புற்றுநோய்க்குக் கிரீன் டீ கொடுத்திருக்கிறார்கள்” என்று அண்ணன் அனுப்பிய செய்தியைக் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர் கட்டுக்கதை சொல்லவில்லை. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் அப்படி ஓர் ஆய்வு நடந்தது உண்மை. ஆனால் அது மைலோமாவுக்கு அல்ல. சிஎல்எல் என்ற வேறொரு ரத்தப் புற்றுநோய்க்கு. அந்த நோய் பலருக்கு மெதுவாகத்தான் வளரும், ஆரம்பத்தில் மருந்தே கொடுக்காமல் கண்காணிப்பது வழக்கம். அப்படிக் கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு, நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 2,000 மில்லிகிராம் ஈஜிசிஜி உள்ள சாற்றைக் கொடுத்தார்கள். 2013ல் வந்த முடிவின்படி, 42 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் புற்றுசெல்களின் எண்ணிக்கை ஓரளவு குறைந்தது. பலருக்கு நெறிக்கட்டியும் சுருங்கியது. ஊக்கம் தரும் முடிவுதான். ஆனாலும் இன்றுவரை சிஎல்எல் நோய்க்குக்கூட அது வழக்கமான சிகிச்சையாகவில்லை. அந்த நோயாளிகள் யாரும் போர்டிசோமிப் எடுத்துக்கொண்டிருக்கவும் இல்லை. நோய் வேறு, நிலை வேறு, கூட இருந்த மருந்து வேறு. செய்தி கை மாறி வரும்போது இந்த மூன்றும் உதிர்ந்துவிட்டன.

அண்ணனின் இன்னொரு வாதம், சீனர்களும் ஜப்பானியர்களும் கிரீன் டீ குடிப்பதால் அவர்களுக்குப் புற்றுநோய் வருவதில்லை என்பது. இது சரியல்ல. வயிற்றுப் புற்றுநோய் அதிகம் காணப்படும் நாடுகளில் ஒன்று ஜப்பான். சீனாவில் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் கல்லீரல் புற்றுநோயும் பெரிய பிரச்சினை. ஜப்பானின் மியாகி மாநிலத்தில் 26,000 பேருக்குமேல் பல ஆண்டுகள் கவனித்து 2001ல் வெளியிட்ட ஆய்வில், கிரீன் டீ நிறையக் குடித்தவர்களுக்கும் குறைவாகக் குடித்தவர்களுக்கும் வயிற்றுப் புற்றுநோய் ஆபத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020ல், கிரீன் டீ பற்றியும் புற்றுநோய் பற்றியும் உலகெங்கும் வந்த 142 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 11 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்கள் அவற்றில் இருந்தன. ஓர் ஆய்வு குறைகிறது என்றால் இன்னோர் ஆய்வு இல்லை என்றது. கிரீன் டீ குடித்தால் புற்றுநோய் வராது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்பதுதான் அவர்கள் வந்து சேர்ந்த முடிவு. சோதனைக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் உள்ள புற்றுசெல்மீது ஈஜிசிஜியை ஊற்றினால் அது சாகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே ஊற்றும் செறிவு, டீ குடித்தவரின் ரத்தத்தில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம். குடித்ததில் சிறு பங்குதான் குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வருகிறது.

“அப்படியானால் செறிவாக மாத்திரையில் கொடுப்பதுதானே சரி?” என்றால், அங்கேதான் கல்லீரல் குறுக்கே வருகிறது. ஒரு கோப்பை கிரீன் டீயில் ஈஜிசிஜி சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் இருக்கும். மாத்திரைகளில் அதைப் போலப் பல மடங்கை ஒரே விழுங்கில் சேர்த்துவிடலாம். நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்குமேலும் மாத்திரையாக எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் எடுத்துக்காட்டியது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆயிரத்துக்குச் சற்று அதிகமான பெண்களிடம், மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் குறைக்க முடியுமா என்று ஓராண்டு இந்தச் சாற்றைப் பாதிப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆபத்தைக் காட்டும் மார்பகத் திசுவின் அடர்த்தியில் பெரிதாக மாற்றம் இல்லை. சாறு எடுத்தவர்களில் நூற்றுக்கு ஆறேழு பேருக்குக் கல்லீரல் பரிசோதனை கெட்டது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. உடம்பு நன்றாக இருந்த பெண்களுக்கே இப்படி. அப்பச்சியின் கல்லீரல் ஏற்கெனவே போர்டிசோமிப்பைக் கையாண்டுகொண்டிருக்கிறது.

அந்த டப்பாவை இங்கே ஒரு முகவரும் விற்கிறார், அதில் “புற்றுநோயை வேரோடு அழிக்கும்” என்று துண்டுச்சீட்டு இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954ம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. நீங்கள் புகார் கொடுக்க வேண்டும் என்பதில்லை, அது உங்கள் விருப்பம். ஆனால் அப்படி எழுதி விற்பவரிடம் உங்கள் அப்பச்சியின் மருந்துப் பட்டியலைக் காட்டி யோசனை கேட்காதீர்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை

டப்பாவையும் பொடியையும் துண்டுச்சீட்டையும் அப்படியே மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள். எந்தத் தேதியில் ஆரம்பித்தது, நாளைக்கு எத்தனை, எப்போது நிறுத்தியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் திங்களன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கல்லீரல் பரிசோதனையும், மைலோமா புரதம் எந்த அளவு குறைந்திருக்கிறது என்ற பரிசோதனையும் இப்போது பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அந்த எண்கள் வந்தால்தான் இந்த ஐந்து வாரத்தில் மருந்து வேலை செய்ததா என்று மருத்துவரால் சொல்ல முடியும். நன்றாக இறங்கியிருந்தால் நிம்மதி. இறங்கவில்லை என்றாலும், காரணம் மாத்திரையா அல்லது நோயின் போக்கா என்று பார்த்து அடுத்ததை முடிவு செய்ய வழி இருக்கிறது. ஆனால் மாத்திரை விஷயத்தை மறைத்தால், ஊசி பலிக்கவில்லை என்று நினைத்து அவர் மருந்தையே மாற்றிவிடக்கூடும். அது உங்கள் அப்பச்சிக்குத்தான் நஷ்டம்.

மருத்துவர் திட்டுவார் என்ற பயத்தைப் பற்றி: சிலர் குரல் உயர்த்துவார்கள், மறுக்கவில்லை. எங்கள் துறையில் அந்தப் பழக்கம் மாற வேண்டும். நோயாளிகள் மறைப்பதற்கு நாங்களும் ஒரு காரணம். அப்படித் திட்டினாலும் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். கஷாயம், லேகியம், பஸ்பம் என்று வேறு ஏதும் கொடுத்து வந்தால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இனி அந்தக் கால் எரிச்சல். அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஊசிதான் அதற்குக் காரணமாக இருக்க மிகவும் வாய்ப்பு உண்டு. நரம்பு பாதிப்பு போர்டிசோமிப்பின் தெரிந்த பக்கவிளைவு. ஆனால் அதைச் சமாளிக்க வழி ஊசியின் கணக்கிலேயே இருக்கிறது. மருத்துவர் அளவைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம், சில வாரம் நிறுத்திவைத்து மறுபடி தொடங்கலாம், தேவைப்பட்டால் வேறு மருந்துக்கே மாற்றலாம். சீக்கிரம் சொன்னால் பலருக்கு இந்த எரிச்சல் மெல்லக் குறைகிறது, பொறுத்துக்கொண்டே இருந்தால் நிரந்தரமாகத் தங்கிவிடவும் கூடும். அதனால் “எரிச்சலா, மரப்பா, வலியா? எது வரை ஏறியிருக்கிறது? சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? இரவில் தூக்கம் கெடுகிறதா? செருப்பு கழன்றால் தெரிகிறதா?” என்று அப்பச்சியிடம் கேட்டு, பதிலை மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் “எல்லாம் நல்லா இருக்கு” என்றுதான் சொல்வார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகு எரிச்சல் மறுபடி கூடலாம். அப்போது பழைய டப்பாவைத் தேடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது. மைலோமா உள்ளவர்களின் சிறுநீரகத்தை அது கெடுத்துவிடும்.

வேறு ஒரு மருத்துவரிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் விரும்பினால், அது உங்கள் உரிமை. தயங்க வேண்டாம். மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ அந்த நகல்களோடு போகலாம். அடையாறு நிலையத்தை 1954ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உங்களுக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனைதான் அவரை அந்த வேலைக்குத் தள்ளியது. ஊசிக்கு ஆகும் செலவும் அண்ணனின் பேச்சுக்குப் பின்னால் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முடியுமா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தத் தவிப்புதான். தூரத்தில் இருக்கும் மகனுக்கு அப்பச்சியின் படுக்கைப் பக்கம் உட்கார முடியவில்லை. அனுப்ப முடிந்ததை அனுப்புகிறார். அப்பச்சி அதைச் சாப்பிடுவதும் மருந்து என்பதால் மட்டும் அல்ல, மகன் அனுப்பியது என்பதால். “நீங்க அனுப்பினது தப்பு” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். செவ்வாயன்று மருத்துவரின் அறையிலிருந்து வீடியோ அழைப்பில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கேள்வியை அவரே கேட்கட்டும், பதிலையும் அவரே கேட்கட்டும். அப்புறம் அவருக்குத் தொலைவிலிருந்தே செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். பரிசோதனை முடிவுகளைத் தேதி வாரியாகக் குறித்து வைப்பது, அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டியதைத் தொகுப்பது என்று எதுவானாலும் சரி. அப்பச்சியிடமும் நேரடியாகப் பேசுங்கள். நோயின் பெயரை அறிந்தவர், கடை நடத்திக் கணக்குப் பார்த்தவர். இந்த மாத்திரை ஊசியைத் தடுக்கலாம் என்பது அவருக்குப் புரியும். முடிவு எடுக்க வேண்டியவரும் அவர்தான்.

கடை டீயும் கொதிக்கும் டீயும்

அப்பச்சிக்கு நோய் வந்தது கடை டீயால் அல்ல. டீ குடிப்பதால் மைலோமா வருகிறது என்று காட்டிய சான்று எதுவும் இல்லை. வயது ஏறுவதுதான் இந்த நோய்க்கு இருக்கும் பெரிய காரணம். ஆறு டீ குடித்தாரே, நாம் தடுக்காமல் விட்டோமே என்று ஆத்தா அழுகிறார் என்றால், அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் ஆத்தாவின் பழக்கத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016ல், 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்று வகைப்படுத்தியது. டீயைக் குற்றம் சொல்லவில்லை, சூட்டைச் சொன்னார்கள். ஈரானின் கொலஸ்தான் பகுதியில் ஐம்பதாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019ல் வந்த ஆய்வில், 60 டிகிரிக்கு மேல் சூடான டீயை நாளைக்கு 700 மில்லி லிட்டருக்குமேல் குடித்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அந்தப் பகுதியில் இந்த நோய் ஏற்கெனவே அதிகம், அதனால் எண்ணை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆத்தா பயப்பட வேண்டாம், டீயை விடவும் வேண்டாம். டம்ளரிலிருந்து டவராவுக்கு நாலு தடவை ஆற்றிவிட்டு, சில நிமிடம் வைத்துக் குடித்தால் போதும். சாப்பாடு விழுங்கும்போது நெஞ்சில் அடைப்பதாக ஆத்தா எப்போதாவது சொன்னால் மட்டும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கிரீன் டீ பிடித்தால் குடியுங்கள், சர்க்கரை இல்லாமல் குடிப்பது நல்ல பழக்கம்தான். புற்றுநோயிலிருந்து காக்கும் என்ற எண்ணத்தில் பிடிக்காததைக் குடிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு எந்த டீயும் அவசியம் இல்லை. கிரீன் டீ, நாம் குடிக்கும் சாதாரண டீத்தூள் எல்லாம் ஒரே செடியின் இலைதான், பதப்படுத்தும் முறைதான் வேறு. ஆவாரம்பூ, செம்பருத்தி, துளசி போட்டுக் கொதிக்க வைப்பவை வேறு செடிகள்.

உங்கள் வயதில் உண்மையாகவே பலன் தரக்கூடியது வேறு. 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனையும் மார்புப் பரிசோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள். அப்பச்சியின் அலைச்சலில் உங்களுடையதைத் தள்ளிப்போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போய்வாருங்கள். வீட்டில் விசேஷம் என்றால் வெற்றிலைத் தட்டு வராமல் இராது. வெற்றிலையோடு போகும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாகியிருக்கிறது, புகையிலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆயாமார் போடுகிறார்களே என்று பிள்ளைகள் பழகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டீயை மாற்றுவதைவிட இது எத்தனையோ மடங்கு முக்கியம்.

அப்பச்சியின் மாலை டீ

பால் டீயைப் பிடுங்கிவிடாதீர்கள். நாம் குடிக்கும் சாதாரண டீத்தூளைப் பதப்படுத்தும்போதே ஈஜிசிஜி பெரும்பகுதி வேறு பொருள்களாக மாறிவிடுகிறது. கிரீன் டீயோடு ஒப்பிட்டால் அதில் மிச்சம் இருப்பது மிகக் கொஞ்சம். நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு டம்ளர், ஆற்றிக் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஊசி போட்டுவரும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஊசி நாளில் மட்டும் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

டீ ரத்தத்தை உறிஞ்சிவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்களாம். அப்பச்சிக்கு ரத்தம் குறைந்திருப்பது மஜ்ஜையில் நோய் இடம்பிடித்திருப்பதால். டீ சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து சேருவதைக் குறைக்கும் என்பது உண்மை, அதனால் சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுவது எல்லோருக்கும் நல்லது. அதற்காக இரும்புச்சத்து டானிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

டெக்ஸாமெத்தசோன் எடுக்கும் நாளில் தூக்கம் கெடும், சர்க்கரையும் ஏறும். அன்றைக்கு டீயை நாலு மணிக்கே முடித்துக்கொள்ளட்டும், சர்க்கரையைக் குறைத்துப் போடுங்கள், கூட வரும் கந்தரப்பத்தையும் அன்று தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், எவ்வளவு என்பதை அவருடைய சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். டீயை அந்தத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டாம். இடையில் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், இரவானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வண்டி கிடைக்கவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் எண்களோடு எனக்கு எழுதுங்கள்.